நவம்பரில முதல் மான் வேட்டை, இப்ப நெடுங்கேணியில நிக்கிறன், எப்பிடித் தயாராகிறது?

நெடுங்கேணிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் கனடா போய் ஆறு வருசம், ஒன்ராறியோவில சட்பரிப் பக்கம் வேலை. இப்ப ரெண்டு மாத லீவில ஊருக்கு வந்து அப்பா அம்மாவோட நெடுங்கேணியில நிக்கிறன், ஒக்ரோபர் நடுவில திரும்பிப் போகவேணும். விசயம் என்னெண்டா என்னோட வேலை செய்யிற மூண்டு பேர் ஒவ்வொரு நவம்பரும் பரி சவுண்ட் பக்கத்துக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போறவை, காரை விட்டிட்டு ஏழெட்டு கிலோமீற்றர் உள்ளுக்கு நடந்து ரென்ற் அடிச்சு அஞ்சு நாள் நிக்கிறது, இந்தமுறை நீயும் வா எண்டு சொல்லிப்போட்டினம், நானும் ஓம் எண்டிட்டன். துவக்கு கோர்ஸ் செய்து லைசன்ஸ் எடுத்தாச்சு, வேட்டைக் கோர்சும் முடிச்சாச்சு, ரைபிள் (.308) ஒராள் இரவல் தாறார். ஆனா இண்டுவரைக்கும் ஒரு மானும் சுட்டதில்லை.

அப்பாட்டச் சொன்னா சிரிக்கிறார், "காட்டுக்குள்ள பிறந்தவனுக்கு காடு படிப்பிக்கினமோ" எண்டு. ஒருவகையில சரிதான், சின்னனில மாட்டுக்குப் பின்னால திரிஞ்சதும் காடுதான், இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ கிடந்ததும் காடுதான். எண்டாலும் பனிக்காடு வேற எண்டு மனசு சொல்லுது. இங்க நிக்கிற இந்த ஆறு கிழமையில நான் என்ன செய்து பழகலாம், என்ன சாமான் வாங்கவேணும், என்ன வாங்கக் கூடாது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அப்பா தன்ர காட்டுக்கத்தியையும் கொண்டுபோகச் சொல்லுறார், அதையும் கேக்கிறன்.

பனிக்காட்டான்:

தம்பி, நான் ஒன்ராறியோவில பதினொரு வருசமா வேட்டைக்குப் போறன், சொந்த இடம் மல்லாவி. முதல் கத்தியை முடிப்பம். காட்டுக்கத்தி வேண்டாம், நாலு இஞ்சி அலகு உள்ள சின்னக் கத்தி ஒண்டு, தீட்டுறதுக்கு ஒரு சின்னக் கல்லு, அவ்வளவுதான், ஒரு மானை முழுக்கப் பிரிக்கக் காணும். பெரிய கத்தியால வயித்தைக் கீறினா குடலையும் சேத்துக் கீறிப்போடுவீங்கள், பிறகு இறைச்சி முழுக்க நாறும்.

எல்லாரும் துவக்கில இருந்து தொடங்குவினம், நான் கடைசியில இருந்து தொடங்கிறன், ஏனெண்டா என்ர முதல் முறையில நான் பட்டது அங்கதான். சுட்ட பிறகு என்ன செய்யப் போறீங்கள்? நடுத்தரக் கிடா ஒண்டு எலும்பு கழிச்சா முப்பது கிலோவுக்குக் கிட்ட இறைச்சி வரும். அதை எட்டுக் கிலோமீற்றர் சேத்துக்கையும் கல்லிலயும் விழுந்த மரத்திலயும் ஏறி இறங்கி முதுகில கொண்டு வரவேணும், உங்கட ரென்ற், படுக்கை, துவக்கு எல்லாம் வேற. நான் முதல் வருசம் பின்னேரம் மூண்டு மணிக்கு காரில இருந்து ஒன்பது கிலோமீற்றரில ஒரு கிடாவைச் சுட்டன், சந்தோசம் அரை மணித்தியாலம், பிறகு ரெண்டு நாள் நாலு நடை, கடைசி நடையில முழங்கால் வீங்கி நடக்கேலாமல் தடி ஊண்டி வந்தனான். அதுக்குப் பிறகு என்ர கணக்கு இதுதான்: நிக்கிற இடத்தில இருந்து கொண்டுவர ஏலாத தூரம் எண்டா எவ்வளவு பெரிய கொம்பு எண்டாலும் சுடுறேல்லை. அங்க சட்டமும் அப்பிடித்தான், தின்னக்கூடிய இறைச்சியைப் பழுதாக விட்டா குற்றம். வேட்டை இறைச்சியை விக்கவும் ஏலாது.

அதால ஊரில நிக்கேக்க செய்யவேண்டிய முதல் வேலை: 25 கிலோ அரிசி மூட்டை ஒண்டை முதுகுப் பையில போட்டு கிழமைக்கு மூண்டு நாள் குளக்கட்டில நட. முதல் கிழமை பத்துக் கிலோ, பிறகு கூட்டு. போடப்போற சப்பாத்தை இப்பவே வாங்கிப் போட்டு நடந்தா காலுக்குப் பழகும், புதுச் சப்பாத்தோட காட்டுக்குள்ள போனா ரெண்டாம் நாளே குதிக்கால் உரிஞ்சுபோகும். ஊர் வெயிலுக்கு அந்தச் சப்பாத்து அடுப்புமாதிரி இருக்கும், சகிச்சுக்கொள்ளு.

சட்ட விசயம் கெதியாச் சொல்லுறன். அவுட்டோர்ஸ் காட் (வேட்டைக்காரருக்கான அட்டை), மான் லைசன்ஸ், டாக் (எந்த மானைச் சுடலாம் எண்டு தாற அனுமதிச் சீட்டு) மூண்டும் கையில இருக்கவேணும். டாக் எந்த யூனிற்றுக்கு (வேட்டைப் பகுதிக்கு), கிடாவுக்கோ பெட்டைக்கோ எண்டு பாத்துக்கொள்ளும், எல்லா இடத்திலயும் பெட்டை சுட விடமாட்டினம். துவக்குச் சீசனில செம்மஞ்சள் உடுப்புக் கட்டாயம், இடுப்புக்கு மேல குறைஞ்சது 400 சதுர இஞ்சி எல்லாப் பக்கத்தாலயும் தெரியவேணும், தொப்பியும் செம்மஞ்சள். சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்னுக்குத் தொடங்கி பட்டு அரை மணித்தியாலத்தோட நிப்பாட்டவேணும். இதில ஒரு சிக்கல் இருக்கு, நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும், நீங்கள் காட்டுக்குள்ள நிக்கேக்கயே அது நடக்கலாம், கைமணிக்கூட்டை மாத்தாட்டி நேரம் பிழைக்கும். காருக்குள்ள லோட் பண்ணின துவக்கு இருக்கக் கூடாது. இறைச்சியைக் காட்டிலயே பிரிச்சுக் கொண்டுவாறதெண்டா டாக் எப்பிடி, கிடாவோ பெட்டையோ எண்டதுக்கு என்ன அடையாளம் கூட வச்சிருக்கவேணும் எண்டதை அந்த வருச விதிமுறைப் புத்தகத்தில வாசிச்சுப்போட்டுப் போம். சீசன் முடிய ரிப்போர்ட்டும் குடுக்கவேணும், ஒண்டும் சுடாட்டியும் குடுக்கவேணும், நிறையப் பேர் மறக்கிறது இதைத்தான்.

வேட்டைக்காரன்77:

ஏன் தம்பி இவ்வளவு காசு செலவு, நெடுங்கேணியில நிண்டுகொண்டு கனடாவுக்குப் போய் மான் சுடுறீர் 😄 இங்க ஒரு இரவு லைற்றோட வெளிக்கிட்டா விடிய முதல் முடிஞ்சுது. ஆக்கள் இருக்கினம், சொன்னா ஒழுங்கு பண்ணலாம்.

குளக்கட்டு:

இதுக்கு மேல இருக்கிற பதிலை ஒருத்தரும் பகிடியா எடுக்கவேண்டாம். இலங்கையில மான் சுடுறது சட்டவிரோதம், வனசீவராசிகள் சட்டம் 1937ஆம் ஆண்டிலயே வந்தது, புள்ளிமான், மரை ரெண்டும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிர்க்காவலுக்கு எண்டு தந்த துவக்கு மானுக்குத் தந்த துவக்கு இல்லை. மடு றோட்டும் சுண்டிக்குளமும் 2015இல தேசிய பூங்காவாக்கினது, அதுக்குள்ள போய்ப் பிடிபட்டா கதை வேற. வெளிநாட்டுப் பாஸ்போட்டோட வந்து நிக்கிற பெடியனுக்கு இந்த யோசனை சொல்லுற உமக்கு என்ன, கோட்டுக்குப் போறது அவன்.

சட்டத்தை விடுங்கோ. கட்டுத்துவக்கு எண்டு ஒண்டு இருக்கு, பாதைக்குக் குறுக்கால நூல் கட்டி வைக்கிறது, பண்டிக்கும் மானுக்கும் வைக்கிறதில மனிசன் அம்பிடுறான். எங்கட ஊரில விறகுக்குப் போன ஒருத்தருக்கு முழங்காலுக்குக் கீழ இல்லை, வச்சவன் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மிதிவெடி எடுத்த இடம், எடுக்காத இடம் எண்டு இன்னும் சிவப்புப் பலகை நிக்கிற காடுகளும் இருக்கு. தம்பி, அரிசி மூட்டையோட நடக்கிறதெண்டா குளக்கட்டிலயும் வயல் றோட்டிலயும் நட, காட்டுப்பாதை வேண்டாம். பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு குளக்கட்டும் வேண்டாம், யானை தண்ணிக்கு இறங்கும்.

நெடுங்கேணிப் பெடியன்:

அண்ணை சரியாச் சொன்னீங்கள், இங்க சுடுற யோசனை எனக்குத் துப்புரவா இல்லை. பனிக்காட்டான் அண்ணை, நன்றி. நான் முழுக்க ரைபிள், ஸ்கோப், பைனாகுலர் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான், தூக்கிக்கொண்டு வாறதைப்பற்றி ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. நேற்று பத்துக் கிலோவோட தொடங்கினன், தெருவில எல்லாரும் "அரிசி எங்க கொண்டுபோறாய்" எண்டு கேக்கினம்.

இன்னொரு கேள்வி. குளிர். நான் ஆறு வருசம் அங்க இருந்தாலும் வீடு, கார், வேலை எண்டுதான், அஞ்சு நாள் வெளியில படுத்ததில்லை.

அக்கராயன் அக்கா:

தம்பி, நான் பொம்பிளை எண்டு நினைச்சுத் தாண்டிப் போகாதையும், நான் அல்பேர்ட்டாவில ஆறு சீசன் போனனான், மனிசனை விட நான்தான் கூடச் சுட்டனான் (அவர் இதை வாசிப்பார்).

குளிரில சாகிறது குளிரால இல்லை, ஈரத்தால. நடக்கேக்க வேர்க்கும், ஏறி ஒரு இடத்தில இருந்தா அந்த வேர்வை ஐசாகும், பத்து நிமிசத்தில பல்லு அடிக்கத் தொடங்கும். அதால நடக்கேக்க கொஞ்சம் குளிருறமாதிரித்தான் நடக்கவேணும், ஜாக்கெட்டைக் கழட்டிப் பையில வச்சு, போய் இருந்த பிறகுதான் போடுறது. பருத்தி உடுப்பு ஒண்டும் வேண்டாம், உள்பெனியன், சொக்ஸ், ஜீன்ஸ் ஒண்டும். நனைஞ்சா காயாது. கம்பளி நூல் உடுப்பு நனைஞ்சாலும் சூடு வச்சிருக்கும். சொக்ஸ் ஒரு சோடி படுக்கைப் பையுக்குள்ளயே வச்சிரும், அது படுக்கிறதுக்கு மட்டும், என்ன நடந்தாலும் அதோட வெளியில இறங்கக் கூடாது.

இதுகள் எனக்குப் பட்டுத் தெரிஞ்சது: தண்ணி வடிகட்டிறதை ஒருக்கா ஐசாக விட்டா உள்ளுக்கு வெடிச்சுப்போகும், வெளியால பாக்கத் தெரியாது, பிறகு ஊத்தைத் தண்ணிதான் குடிக்கிறீர். இரவில அதைப் படுக்கையுக்குள்ள வச்சுக்கொள்ளும், போன், டோர்ச் பட்டரியையும் அப்பிடித்தான். சின்னக் காஸ் சிலிண்டர் அடுப்பு கடுங்குளிருக்கு மூச்சு வாங்கும், அதையும் விடியமுதல் ஜாக்கெட்டுக்குள்ள வச்சுச் சூடாக்கவேணும். போனில ரவர் இருக்காது, சற்றலைற்றில மெசேஜ் அனுப்பிற கருவி ஒண்டு வாடகைக்கு எண்டாலும் எடும், கடதாசி மப்பும் கொம்பாசும் பையில இருக்கட்டும். நவம்பரில முகில் மூடினா நாலு நாளும் சூரியனே தெரியாது, வன்னியில வெயிலைப் பாத்து வீட்டுக்கு வந்த கெட்டித்தனம் அங்க எடுபடாது.

சாப்பாட்டுக்கு அம்மாட்டச் சொல்லி எள்ளுப்பாகும் பயத்தம் உருண்டையும் செய்விச்சுக் கொண்டுபோம். கடையில விக்கிற சொக்கிலேற் கட்டி குளிரில கல்லாகும், பல்லு போகும். எள்ளுப்பாகு ஒண்டு வாயில போட்டா ஒரு மணித்தியாலத்துக்கு வயிறு கேக்காது. என்னோட வாற வெள்ளைக்காரி இப்ப ஒவ்வொரு வருசமும் "அந்தக் கறுப்பு உருண்டை இருக்கோ" எண்டுதான் முதல் கேக்கிறவள்.

பாலைமரத்தடி:

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பேரப்பிள்ளைதான் தட்டித் தாறான், எழுத்துப் பிழை அவன்ர.

தம்பி, நாங்கள் அந்தக் காலத்தில வேட்டைக்குப் போனனாங்கள். அப்பவும் சட்டம் இருந்தது, நாங்கள் பாக்கேல்லை, அதைப் பெருமையாச் சொல்லேல்லை. இப்ப நான் மானைக் கண்டா நிண்டு பாத்திட்டு வாறதுதான். ஆனா பனியில எண்டாலும் வெயிலில எண்டாலும் மான் மூக்காலதான் உயிர் பிழைக்குது, அதால ரெண்டு சொல்லுறன்.

காத்தைப் பார். நாங்கள் மடியில அடுப்புச் சாம்பல் கொஞ்சம் முடிஞ்சுகொண்டு போவம், அடிக்கடி விரலால எடுத்துத் தூவிப் பாக்கிறது, சாம்பல் மானிருக்கிற பக்கம் போச்செண்டா அந்தப் பக்கம் நடக்கிறதில பிரயோசனம் இல்லை, சுத்திப் போகவேணும். கோடாலித் தைலம் பூசிக்கொண்டு போனவனைக் கூட்டத்தில இருந்து திருப்பி அனுப்பின நாளும் இருக்கு.

மனிசன் நடந்தா ஒரே தாளமாக் கேக்கும், தப் தப் தப் எண்டு. காட்டில ஒண்டும் அப்பிடி நடக்கிறேல்லை. மூண்டு அடி வை, நில், பார், ரெண்டு அடி வை, நில். சருகு காலத்தில ஒரு கூப்பிடு தூரம் போக எங்களுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். பாலைப்பழக் காலத்தில மந்தி மேல இருந்து உதிர்க்க கீழ மான் நிண்டு பொறுக்கும், அப்ப மானைத் தேடுறேல்லை, மந்தியைத் தேடுறது. அங்க மந்தி இல்லை, ஆனா மான் என்ன தின்னுது எண்டதைக் கண்டுபிடிச்சா மானைக் கண்டுபிடிச்சமாதிரித்தான்.

கடைசி ஒண்டு. சத்தத்துக்குச் சுடாதை. அசைஞ்சதுக்குச் சுடாதை. என்ர கூட்டாளி ஒருத்தன் பத்தைக்குள்ள சலசலத்ததுக்கு வெடி வச்சான், அது அவன்ர சொந்த மச்சான். ஆள் சாகேல்லை, ஆனா அந்த ரெண்டு வீடும் இண்டைக்கும் கதைக்கிறேல்லை.

பனிக்காட்டான்:

ஐயா, கும்பிடுறன். அந்தச் சாம்பலைத்தான் இப்ப சின்னப் போத்தலில மாவாப் போட்டு கடையில காசுக்கு விக்கிறாங்கள் 😅 அதோட ஒண்டு சேக்கிறன், அங்க மேடு பள்ளம் இருக்கிறதால வெயில் ஏற காத்து மேல ஏறும், பின்னேரம் குளிர குளிரக் கீழ இறங்கும். அதால காலமை மேட்டிலயும் பின்னேரம் கீழயும் இருக்கிறது நல்லம், உங்கட மணம் மானுக்குப் போகாது.

புள்ளிமானைப் பாத்து வளந்த எங்களுக்கு வெள்ளைவால் மான் வேற ஆள். புள்ளிமான் கூட்டமா நிக்கும், ஒண்டு கத்தினா எல்லாம் ஓடும். இது பெரும்பாலும் தனிய நிக்கும், ஒரு சத்தமும் இல்லாமல் வந்து ஒரு சத்தமும் இல்லாமல் போயிடும், ஓடேக்க வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டும், அப்பதான் அது நிண்டதே தெரியவரும். நவம்பர் அதுக்கு இணை தேடுற காலம், கிடா புத்தியில்லாமல் பகலிலயும் திரியும், சின்ன மரங்களில கொம்பைத் தேய்ச்சுப் பட்டை உரிச்சிருக்கும், நிலத்தைக் காலால விறாண்டி வச்சிருக்கும். அந்தத் தடங்கள் புதுசா இருக்கிற இடமாப் பாத்து, காத்து அங்க இருந்து உம்மட பக்கம் வீசுறமாதிரி இரும்.

ரைபிளை 100 மீற்றரில செற் பண்ணும், ஆனா மேசையில சாஞ்சு சுட்டுப் பழகினா காணாது, முழங்காலில இருந்து, மரத்தில சாஞ்சு, கை குளிரில விறைச்சு நிக்கேக்க சுட்டுப் பாரும். எந்தத் தூரத்தில அஞ்சுக்கு அஞ்சும் ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்குள்ள விழுதோ அதுதான் உம்மட தூரம், அதுக்கு மேல சுடாதையும். பக்கவாட்டா நிக்கேக்க முன்னங்காலுக்கு நேர பின்னால, கீழ் மூண்டில ஒரு பங்கில. ஸ்கோப்பால ஆக்களைத் தேடிப் பாக்கிற பழக்கம் வேண்டாம், அது துவக்கை ஒராளுக்கு நீட்டுறதுதான், பைனாகுலர் அதுக்குத்தான்.

சுட்ட உடன ஓடிப் போகவேண்டாம். அரை மணித்தியாலம் இரும், சுட்ட இடத்தில ஒரு செம்மஞ்சள் நாடா கட்டும். இரத்தம் வெளிர்ச் சிவப்பா நுரையோட எண்டா நுரையீரல், கிட்டத்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு எண்டா ஈரல், கனநேரம் பொறுக்கவேணும். பச்சையா சக்கையோட எண்டா வயிறு, ஆறேழு மணித்தியாலம் எண்டாலும் இருக்கவேணும், உடன கலைச்சா அது ஓடிக்கொண்டே இருக்கும், நீர் மானையும் இழப்பீர் நித்திரையையும் இழப்பீர்.

பிறகு தோலை உரிச்சுக் காத்துப்பட விடவேணும். குளிர்தானே எண்டு தோலோட விட்டா பின்னந்தொடை எலும்பைச் சுத்தி வெக்கை நிண்டு உள்ளால பழுதாகும், வெளியில ஐஸ், உள்ள நாத்தம், நான் கண்டிருக்கிறன். துணிப் பையில போட்டு நிழலில உயரத் தூக்கிக் கட்டும், ரென்றில இருந்து தள்ளி, அங்க கறுப்புக் கரடி இருக்கு. சுமந்து வரேக்க பைக்கு மேலயும் செம்மஞ்சள் துணி ஒண்டு கட்டும், மான்தோல் நிறத்தில ஒண்டு பத்தைக்குள்ள அசையிறதை இன்னொருத்தன் பாத்தா என்ன நடக்கும் எண்டு ஐயா சொல்லிப்போட்டார்.

குளக்கட்டு:

பனிக்காட்டான், உங்கட பதிலைப் பிரின்ற் எடுத்து வைக்கலாம். ஒரு கேள்வி, சும்மா அறியிறதுக்கு. எங்கட ஆக்கள் மாதிரி அங்க இறைச்சி வத்தல் போடுறதில்லையோ? முந்தி மாங்குளப் பக்கம் மரை வத்தல் எண்டா யாழ்ப்பாணத்தில இருந்து சனம் வரும் எண்டு அம்மம்மா சொல்லுறவ.

அக்கராயன் அக்கா:

நான் போடுறனான், ஓவனில, ஆகக் குறைஞ்ச சூட்டில, மிளகும் உப்பும் மஞ்சளும் தடவி. அடுப்புப் புகை மணம் வராது, அதுதான் குறை. வெள்ளைக்காரரும் தங்கட முறையில காயவைக்கிறவை, இனிப்புப் போட்டு. அதைப்பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை.

நெடுங்கேணிப் பெடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, அஞ்சாவது கிழமை முடியுது, என்ன நடந்தது எண்டு சொல்லுறன். 25 கிலோவுக்கு வந்திட்டன், குளக்கட்டில போய்வர ஆறு கிலோமீற்றர். முழங்கால் ரெண்டு நாள் நொந்து இப்ப பரவாயில்லை, ஆனா ஒண்டு விளங்கிச்சு, எட்டுக் கிலோமீற்றர் என்னால ஒரு நாளில ரெண்டு நடை நடக்க ஏலாது. கூட வாற ஆக்களுக்கு மெசேஜ் போட்டன், நான் ரென்றில இருந்து ரெண்டு கிலோமீற்றருக்கு மேல போய் இருக்கமாட்டன், ஒராள் சுட்டா அந்த மான் காருக்குப் போய்ச் சேருமட்டும் மற்றவை சுடுறேல்லை, இதுக்கு ஓமோ எண்டு. ரெண்டு பேர் ஓம் எண்டினம், ஒராள் இன்னும் பதில் போடேல்லை.

அப்பாவுக்குப் பாலைமரத்தடி ஐயா எழுதினதை வாசிச்சுக் காட்டினன். முதல் தரம் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் விடிய என்னை எழுப்பி வயல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தோட இருத்திப்போட்டு, "அசையாதை" எண்டார். ஒன்றரை மணித்தியாலம். நுளம்பு கடிக்குது, கால் விறைக்குது, கையை எடுத்துச் சொறிஞ்சன், முன்னால பத்தைக்குள்ள நான் காணாமல் நிண்ட ஒரு புள்ளிமான் காலால நிலத்தில அடிச்சுக் கத்திச்சுது, ஆறேழு மான் வயலைக் குறுக்கறுத்துப் போச்சு. அப்பா எழும்பி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "உன்ர கோர்சில இது இல்லையோ" எண்டிட்டு நடக்கத் தொடங்கினார்.

நாளைக்கும் கூட்டிக்கொண்டு போறாராம். காட்டுக்கத்தி வேண்டாம் எண்டதுக்கு மட்டும் இன்னும் கோவம்.